ரீனா ஏன் அகமதுக்குக் கடிதம் எழுதினாள்? சின்ன வகுப்புப் பாடநூல்களில் அரசியல் சார்பை எங்கே தேடுவது

அகர்தலாவில் இருக்கும் ரீனா, டெல்லியில் இருக்கும் அகமதுக்கு ஒரு கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போடுகிறாள். அந்தக் கடிதம் முத்திரை குத்தப்பட்டு, ரயில் ஏறி, தபால்காரர் கைக்கு வந்து, கடைசியில் அகமதுவிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் பாடம். என்சிஇஆர்டியின் பழைய மூன்றாம் வகுப்புச் சூழலியல் புத்தகத்தில் பல ஆண்டுகளாக இருந்த பாடம் இது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தபால் துறையைப் புரியவைப்பதைத் தவிர அதில் வேறு கதை கிடையாது.

2024 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் ஒரு பெற்றோர் இந்தப் பாடத்தின் மேல் போலீஸில் புகார் கொடுத்தார். ஒரு இந்துப் பெண் பிள்ளை முஸ்லிம் பையனுக்குக் கடிதம் எழுதுவதாகக் காட்டுவது ‘லவ் ஜிஹாத்’தை ஊக்குவிக்கிறது என்பது அவர் வாதம். மூன்றாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் ஏற்கனவே வந்துவிட்டது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று என்சிஇஆர்டி விளக்கம் கொடுத்தது. பழைய பாடத்தில் தவறு இருந்ததா இல்லையா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

இந்தச் செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால் சிரித்திருப்பீர்கள், இல்லை கோபப்பட்டிருப்பீர்கள். நான் இரண்டையும் செய்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், புகார் கொடுத்தவர் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அந்தப் பெயர்கள் தற்செயலாக விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. அகர்தலா, டெல்லி. ரீனா, அகமது. நாட்டின் ஒரு மூலையில் இருந்து தலைநகருக்கும், ஒரு மதத்துப் பெயரில் இருந்து இன்னொரு மதத்துப் பெயருக்கும் கடிதம் போக வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை அரசியல் என்று சொன்னால் அரசியல்தான். ரீனாவை ராஜுவுக்கு எழுத வைத்திருந்தால் மட்டும் அது அரசியல் இல்லாமல் போயிருக்குமா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான புத்தகங்களைப் பார்க்க வேண்டும்.

பெரிய வகுப்பு வேறு, சின்ன வகுப்பு வேறு

பாடநூல் சர்ச்சை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பெரிய வகுப்பு வரலாறுதான். 2023-ல் முகலாயர், காந்தி கொலை, குஜராத் கலவரம் பற்றிய பகுதிகள் வெட்டப்பட்டபோது நாடே பேசியது. அரசியல் அறிவியல் நூல்களின் தலைமை ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் ‘எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டார்கள். அங்கே சண்டை போட வழி இருக்கிறது. ஒரு வாக்கியம் இருக்கும். அது சரியா தவறா என்று வரலாற்று அறிஞர்கள் ஆதாரம் காட்டி வாதாடலாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் மொபைலில் தேடியும் பார்த்துவிடுவார்.

ஒன்றாம் வகுப்பில் அப்படி வாதாட வாக்கியமே இல்லை. மாம்பழம், பசு, பாட்டி, பள்ளிக்கூடம், மழை, பண்டிகை. யாரும் எந்தக் கருத்தும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பாட்டி என்ன சேலை கட்டியிருக்கிறார், மத்தியானச் சாப்பாட்டில் தட்டில் என்ன இருக்கிறது, விடுமுறைக்குப் பிள்ளைகள் எந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள், படத்தில் அப்பா செய்தித்தாள் படிக்கும்போது அம்மா எங்கே நிற்கிறார், இதெல்லாம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுதான் ‘சாதாரணம்’ என்பதன் அர்த்தம். தன் வீடு அந்தப் படத்தில் இருந்தால் பிள்ளை கவனிக்கவே செய்யாது. இல்லாவிட்டால், ஏன் என்று கேட்கவும் அதற்குத் தெரியாது.

அதனால் சின்ன வகுப்புப் புத்தகத்தில் சார்பு என்பது ஒரு பக்கத்தில் மாட்டுகிற விஷயம் இல்லை. முழுப் புத்தகத்திலும் யார் எத்தனை முறை, எந்த வேலையில் வருகிறார்கள் என்பதில்தான் அது இருக்கும். நம் சர்ச்சைகளோ பெரும்பாலும் ஒரு பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன.

ஒரு சொல்லுக்கு ஒரு சண்டை

2023 ஏப்ரலில் டேராடூனில் ஒரு தந்தை மாவட்ட ஆட்சியரிடம் புகார் கொடுத்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் தன் பையன் திடீரென்று தன்னை ‘அப்பு’ என்றும் தாயை ‘அம்மி’ என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பள்ளியின் ஆங்கிலப் புத்தகத்தில் அப்படி இருப்பதுதான் காரணம் என்றார். நம்ம ஊரில் அம்மி என்றால் அரைக்கிற கல். வடக்கில் அது லட்சக்கணக்கான வீடுகளில் தினமும் புழங்கும் உறவுச் சொல். ஆங்கிலப் புத்தகத்தில் ‘மம்மி, டாடி’ என்று இருந்தால் எந்தத் தந்தையும் ஆட்சியர் அலுவலகம் வரை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு தரப்பு மட்டும்தான் சொல்லைத் துருவுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் மேற்கு வங்கத்தில் வானவில்லைக் குறிக்கும் ‘ராம்தோனு’ என்ற பழைய வங்கச் சொல்லுக்குப் பதிலாகப் பாடநூலில் ‘ரோங்தோனு’ என்று வந்தது. ராம் போய் ரோங், அதாவது வண்ணம், வந்துவிட்டது. சிறுபான்மையினரைத் திருப்திப்படுத்தவே ராமர் பெயரை எடுத்தார்கள் என்று பாஜக கொதித்தது. வானவில்லைப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு சொல்லிலும் ஏழு வண்ணம்தான். ஆனால் வீட்டில் பாட்டி சொல்லும் சொல் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் சொல் இன்னொன்று என்றால், அதை ஏன் மாற்றினார்கள் என்று கேட்கிற உரிமை பெற்றோருக்கு உண்டு. டேராடூன் தந்தைக்கும் அதே உரிமை உண்டு. இரண்டு இடத்திலும் பிரச்சினை ஒன்றுதான்: கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கட்சிகள் வெளிப்படையாகவே அரிச்சுவடிக்குள் இறங்கியதும் உண்டு. 2025-ல் உத்தரப் பிரதேச அரசு மாணவர் குறைந்த பள்ளிகளை இணைக்கத் தொடங்கியதை எதிர்த்து, சமாஜ்வாதி கட்சியினர் ‘பிடிஏ பாடசாலை’ என்று கிராமங்களில் வகுப்பு நடத்தினார்கள். அங்கே ஏ ஃபார் அகிலேஷ், பி ஃபார் பாபாசாகேப், டி ஃபார் டிம்பிள், எம் ஃபார் முலாயம். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. பள்ளியை மூடக் கூடாது என்ற கோரிக்கை நியாயமானது. அதற்கு ஐந்து வயதுப் பிள்ளையின் எழுத்துப் பலகையில் ஒரு குடும்பத்தின் பெயர்களை எழுதியது அசிங்கம். ஆனால் ஒன்று, அதை எல்லாரும் உடனே பார்த்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற சார்பு அவ்வளவு ஆபத்தானது இல்லை.

இன்னொன்று, நம்மைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும் உதாரணம். என்சிஇஆர்டியின் ஒன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் பெயர் முன்பு ‘மேரிகோல்ட்’. இப்போது ‘மிருதங்’. மூன்றாம் வகுப்புக்கு ‘சந்தூர்’. ஆறாம் வகுப்பில் ‘ஹனிசக்கிள்’ போய் ‘பூர்வி’ வந்தது. 2025 ஏப்ரலில் கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, ஆங்கிலப் புத்தகத்துக்கு இந்திப் பெயரா, இது மொழித் திணிப்பு என்று எதிர்த்தார். ‘பூர்வி’க்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் மிருதங்கம்? சென்னை, தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு மேரிகோல்டைவிட அதுதானே பக்கத்து வீட்டுச் சொல்! எரிச்சல் தருவது அந்த ‘அம்’ இல்லாமல் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாடு முழுக்க ஒரே புத்தகம் என்றால், ஏதோ ஒரு ஊரின் உச்சரிப்பு மற்ற எல்லா ஊருக்கும் ‘சரியான’ உச்சரிப்பாகிவிடும்.

சரி, யார் முடிவு செய்கிறார்கள்?

கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ன் 42-வது அரசியலமைப்புத் திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. 1961-ல் தொடங்கப்பட்ட என்சிஇஆர்டி தேசியக் கலைத்திட்டத்தை எழுதுகிறது, மாதிரிப் பாடநூல்களைத் தயாரிக்கிறது. மாநிலங்கள் அதை அப்படியே எடுக்கலாம், மாற்றலாம், சொந்தமாகவும் எழுதலாம். தமிழ்நாடு சொந்தமாக எழுதுகிறது.

டெல்லியில் ஆட்சி மாறும்போது புத்தகமும் மாறுவது புதுசு இல்லை. 1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும் வரலாற்றுப் புத்தகங்களைத் திரும்பப் பெறச் சொல்லிக் குரல் எழுந்தது. 2000-ல் ஒரு கலைத்திட்டம், ஆட்சி மாறியபின் 2005-ல் இன்னொன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020-க்குப் பிறகு, 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு கலைத்திட்டம் 2022 அக்டோபரில் வந்தது. முந்தைய சண்டைகளில் பெரிய வகுப்புகள்தான் களம். இந்த முறை அடித்தளத்தில் இருந்தே தொடங்கினார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் 2023-ல், மூன்றாம் வகுப்பு 2024-ல் வெளியாயின.

அந்த 2022 ஆவணத்தில் நல்லது நிறைய இருக்கிறது. விளையாட்டு வழியாகக் கற்பது, தாய்மொழியில் தொடங்குவது, மனப்பாடத்தைக் குறைப்பது. கூடவே பிள்ளையின் வளர்ச்சியைத் தைத்திரீய உபநிடதத்தின் ‘பஞ்சகோசம்’ என்ற கருத்தோடு இணைத்து விளக்குகிறது. ஆதரிப்பவர்களுக்கு அது இந்தியச் சிந்தனை மரபு. எதிர்ப்பவர்களின் கேள்வி எளிமையானது: இந்தியாவில் எத்தனையோ சிந்தனை மரபுகள் இருக்க, எல்லாப் பிள்ளைகளுக்குமான ஆவணத்தில் ஏன் ஒன்று மட்டும்? அதே கேள்வியை அடுத்து வந்த புத்தகங்களிடமும் கேட்கலாம்.

2024 ஆகஸ்டில் அரசியலமைப்பின் முகப்புரை பற்றிய சர்ச்சை வந்தது. பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகங்களில் அச்சிடப்பட்டிருந்த முகப்புரை புதியவற்றில் இல்லை என்று மாநிலங்களவையில் கார்கே எழுப்பினார். குற்றச்சாட்டில் அடிப்படை இல்லை, முகப்புரையோடு அடிப்படை உரிமைகள், கடமைகள், தேசிய கீதம் என எல்லாவற்றுக்கும் புதிய நூல்களில் இடம் தருகிறோம் என்றது என்சிஇஆர்டி. உண்மையைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை முகப்புரையைப் படித்துப் புரிந்துகொள்ளாது. அந்தப் பக்கம் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் செய்தி. என்னைக் கேட்டால், முகப்புரை அச்சில் இருக்கிறதா என்பதைவிட, அதில் உள்ள ‘சகோதரத்துவம்’ என்ற சொல்லுக்கு உள்ளே உதாரணம் இருக்கிறதா என்பது முக்கியம். ரீனாவின் கடிதம் அப்படி ஒரு உதாரணமாக இருந்தது.

புத்தகத்துக்கு வெளியேயும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் ‘ஆபரேஷன் சிந்தூர்’ பற்றி என்சிஇஆர்டி இரண்டு சிறப்புத் தொகுப்புகளை வெளியிட்டது. அதில் ஒன்று 3 முதல் 8-ம் வகுப்பு வரை. மே மாதம் நடந்த ராணுவ நடவடிக்கை, ஆகஸ்டில் பாடமாகிவிட்டது. துணைப் படிப்பு என்பதால் பாடநூல் தயாராக ஆகும் காலமும் விவாதமும் இதற்குத் தேவைப்படவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரே தொகுப்பு எப்படிப் பொருந்தும் என்பதற்கு, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், கல்வியியல் ரீதியாகப் பதில் சொல்வது கஷ்டம்.

இதையெல்லாம் விட அதிகம் கவனிக்கப்படாத இடம் தனியார் பதிப்பகங்கள். டேராடூன் புத்தகம் என்சிஇஆர்டியுடையது அல்ல. சிபிஎஸ்இ பள்ளிகளில் 9 முதல் 12 வரைதான் அரசுப் பாடநூல் கட்டாயம். அதற்குக் கீழே வலுவான பரிந்துரை மட்டும். உங்கள் அக்கா பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள், பாதிப் புத்தகம் தனியாருடையதாக இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 29-வது பிரிவு, பாடத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும், பிள்ளையைப் பயத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது. அச்சாகிற ஒவ்வொரு புத்தகமும் அப்படி இருக்கிறதா என்று பார்க்க ஆள்?

ஆள் வேண்டும் என்று ஒரு குழு ஏற்கனவே சொல்லிவிட்டது. மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த, ஜோயா ஹசன், கோபால் குரு தலைமையிலான குழு, அரசு அமைப்புக்கு வெளியே புழங்கும் பாடநூல்களை ஆராய்ந்து 2005-ல் அறிக்கை கொடுத்தது. சுயேச்சையான தேசியப் பாடநூல் மன்றம் ஒன்று வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதன்பின் காங்கிரஸ் ஒன்பது ஆண்டுகள் ஆண்டது. பாஜக 2014 முதல் ஆள்கிறது. மன்றம் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை.

நம்ம பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியதும் சமச்சீர் கல்விப் புத்தகங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பத்து நாளில் கொடுக்கச் சொன்னது. வந்த புத்தகங்களில் கருணாநிதி தொடர்பான பக்கங்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆளும் முதல்வரின் எழுத்தைப் பாடநூலில் வைத்தது ஒரு சார்பு, அடுத்தவர் அதன் மேல் காகிதம் ஒட்டியது இன்னொரு சார்பு. நடுவில் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் புத்தகமே இல்லை.

எண்ணிப் பார்க்க முடியுமா?

முடியும். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் ஆர்வமாகவே சொல்கிறேன்.

சென்டர் ஃபார் குளோபல் டெவலப்மென்ட் அமைப்பின் ஆய்வாளர்கள் 34 நாடுகளின் 1,255 பாடநூல்களைக் கணினியில் ஏற்றி, ஆணைக் குறிக்கும் சொற்களையும் பெண்ணைக் குறிக்கும் சொற்களையும் எண்ணினார்கள். ஆண் சொற்கள் இரண்டு மடங்குக்கும் மேல். எந்த ஒரு பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் இது தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அஞ்சலி அதுகியாவும் சகாக்களும் இதே போல அமெரிக்காவில் விருது பெற்ற குழந்தைகள் புத்தகங்களில் படங்களையே கணினியால் படித்து, முகங்களின் நிறம், பாலினம், வயது எல்லாவற்றையும் அளந்தார்கள்.

இந்திய மொழிகளில் இதைச் செய்வது சுலபம் இல்லை. இந்தியில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். தமிழில் ‘அவர் வந்தார்’ என்றால் டாக்டர் ஆணா பெண்ணா என்று படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெயரை வைத்து மதத்தையோ ஊரையோ ஊகிப்பதிலும் தப்பு வரும். ரீனா என்ற பெயர் எத்தனை மதத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே மென்பொருளை நம்பி உட்காராமல், சின்ன வகுப்புப் புத்தகத்தைக் கையால் எண்ணுவதே நல்லது. புத்தகம் சின்னது, வாக்கியம் குறைவு.

பெயர் வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் எழுதுங்கள். பக்கத்தில், அவர் பேசுகிறாரா, ஏதாவது செய்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று குறியுங்கள். இந்த இரண்டாவது கட்டம்தான் முக்கியம். பல புத்தகங்களில் ஈத் ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் ஒரு பக்கம் வந்து கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஃபாத்திமா ஈத் அன்றைக்கு மட்டும் வருவாள். மழையில் நனைய, மாங்காய் பறிக்க, கணக்கில் தப்பு செய்ய அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். பண்டிகைக்கு மட்டும் வருகிறவர் விருந்தாளி. இதே சோதனையை வடகிழக்குப் பிள்ளைக்கும், பழங்குடிப் பிள்ளைக்கும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் செய்து பாருங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பீகாரில் இருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கும்.

ரீனா, அகமது இருவரும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறார்கள். பண்டிகை இல்லை, பாடம் மதத்தைப் பற்றியதும் இல்லை. ஒருத்தி கடிதம் எழுதுகிறாள், ஒருவனுக்கு அது கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமப்புற இந்தியாவின் அரசுப் பள்ளிகளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 20.9 சதவீதம், கொரோனாவுக்குப் பின் 2022-ல் 16.3, 2024-ல் 23.4. ஏசர் அறிக்கையின் கணக்கு இது. ஏறியிருக்கிறது, நல்ல செய்தி. இருந்தாலும் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு ரீனாவின் கடிதத்தைத் தானாக வாசிக்க முடியாது. அவர்கள் பார்ப்பது படத்தைத்தான். அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அப்போதும் தெரியும்.

என்சிஇஆர்டியின் எல்லாப் புத்தகங்களும் அதன் இணையதளத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாநிலப் புத்தகங்களும் அப்படியே. தனியார் புத்தகத்துக்கு அக்கா பிள்ளையின் பைதான் வழி. ஒரு மூன்றாம் வகுப்பு மொழிப் புத்தகத்தை மேலே சொன்ன மாதிரி எண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.